பெரியம்மாவே சொல்லிட்டாங்க!

வாளிச் சின்னம் கிடைத்த சந்தோஷத்தில் அண்ணன் தெருவுக்கே டீ வாங்கிக் கொடுத்தான், அதோடு போன வாரம் நிறுத்தியிருந்தோம். குழாய் வேலை பார்க்கிறவனுக்கு வாளி கிடைத்தால் சந்தோஷம் வராதா பின்னே? அண்ணி மட்டும், "தண்ணி வந்தாத்தான் அது வாளி. இல்லேன்னா வெறும் டப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அந்த வீட்டில் உற்சாகத்துக்கு எப்போதும் அவ்வளவுதான் இடம்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. மழை வந்தால் இந்தத் தெருச் சாக்கடை திரும்பி வீட்டுக்குள் வரும். காரணம் அண்ணனுக்குத் தெரியும். தெருமுனை மார்பிள் கடைக்காரர், கடைக்கு முன்னால் பளபளவென்று ஒரு மேடை கட்டினார். கழிவுநீர் இறங்க வேண்டிய தொட்டியின் வாய் அந்த மேடைக்கு அடியில் மாட்டிக்கொண்டது. மேடையை உடைக்கணும், தொட்டியைத் திறக்கணும். சமாச்சாரம் இவ்வளவுதான். இதைச் சொல்லிச் சொல்லி அண்ணனுக்குத் தொண்டைத் தண்ணி வற்றியது. யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடைசியில், "நானே நிக்கிறேன்" என்று வார்டு தேர்தலில் நின்றுவிட்டான். எதிர்த்து நிற்பது யார் என்கிறீர்கள்? அதே மார்பிள்காரர்தான். நாற்காலிச் சின்னம்.

அண்ணனுக்கு ஒரே தங்கை, உம்மு. அது பேர் இல்லை, பட்டம். சின்ன வயசில் எதற்கெடுத்தாலும் உம்மென்று உட்கார்ந்திருப்பாளாம், அண்ணன் வைத்தது. அந்த உம்முவுக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள், பேசுவது! எல்லா வீட்டிலும் ஓடுகிற அந்தத் தொடரில் 'பெரியம்மா'வாக வருகிற நடிகைக்குக் குரல் கொடுப்பது இவள்தான். அந்த நடிகைக்கு முகம் இருக்கிறது, கண் இருக்கிறது, அழுதால் ஊரே அழும். வாயைத் திறந்தால் மட்டும் கீச்சுக் குரல். வெளியே மூச்சுவிடக் கூடாது என்று ஸ்டுடியோவில் முதல் நாளே சொல்லிவிட்டார்கள். தெருவில் எல்லாரும் இவள் ஏதோ ஆபீசில் வேலை பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கல்யாணம் முறிந்து ஒரு பெட்டியோடு வந்து நின்றபோது, ஏன் எதற்கு என்று கேட்காமல் பின்பக்க அறையைக் காலி பண்ணிக் கொடுத்த அண்ணன், அண்ணி ரெண்டு பேருக்கு மட்டும்தான் விஷயம் தெரியும்.

சரி, கதைக்கு வருவோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை. தேர்தல் கழுத்து வரைக்கும் வந்துவிட்டது. அண்ணி கூடத்தில் உட்கார்ந்து நோட்டீஸ் மடித்துக்கொண்டிருந்தாள். உம்மு அதை அடுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். அண்ணன் இருந்த ஒரே வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, காலரை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தான்.

"கழுத்து இறுக்குதுடி."

"சும்மா இருந்த கழுத்தை நீங்கதானே நீட்டுனீங்க. இறுக்கத்தான் செய்யும்" என்றாள் அண்ணி.

அப்போதுதான் தெருமுனையில் லவுட்ஸ்பீக்கர் கரகரத்தது. 'உங்கள் சின்னம் நாற்காலி!' என்று ஒரு ஆண் குரல். அப்புறம் ஒரு இசை. உம்முவின் கை அப்படியே நின்றது. தொடர் ஆரம்பிக்கும்போது வருகிற இசை அது.

'பெத்தாத்தான் பிள்ளையா? இவன் என் பிள்ளை. நாலு பேருக்கு ஒண்ணுன்னா முதல்ல ஓடுறவன். தனக்குன்னு எதையும் எடுத்து வெச்சுக்கத் தெரியாதவன். பொறுப்பை இவன் கையில குடுங்க. நான் சொல்றேன்… குடுங்க.'

உடனே அந்த ஆண் குரல் பாய்ந்து வந்தது. 'பெரியம்மா கை காட்டிய நம் வேட்பாளர்! உங்கள் சின்னம் நாற்காலி! நாற்காலி!'

வண்டி வீட்டைத் தாண்டி, கத்திக்கொண்டே போனது.

அண்ணி நோட்டீசை மடித்தபடியே கேட்டாள். "என்ன உம்மு, இது நம்ம வீட்டுக் குரல் மாதிரி இருக்கே?"

உம்முவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அண்ணி, சத்தியமா எனக்குத் தெரியாது."

"பேசுனது நீதானே?"

"நான்தான். ஆனா…"

"ஆனா வாயில என்ன வருதுன்னு உனக்கே தெரியாது. அப்படித்தானே?"

அண்ணி கேலிக்குச் சொன்னாலும், உண்மை அதுதான். குரல் கொடுக்கும் அறையில் யாரும் முழுக்கதை சொல்ல மாட்டார்கள். துண்டு துண்டாகப் படம் ஓடும். நடிகையின் உதடு அசைவதைப் பார்த்து வசனத்தை அதற்குள் உட்கார வைக்க வேண்டும். "உதட்டைப் பாரு, அர்த்தத்தைப் பார்க்காதே. அர்த்தம் பார்த்தா உதடு தவறிடும்" என்பது அங்கே முதல் நாள் பாடம். உம்மு அதில் கெட்டிக்காரி என்று பேர் வாங்கினவள். தொடரில் பெரியம்மா தன் மில் பொறுப்பை வளர்ப்புப் பிள்ளையிடம் கொடுக்கப் போகிற நேரம் இது. போன வாரம் இந்தத் துண்டு ஓடியபோது, இதுவும் அதுதான் என்று நினைத்து ஒரே தடவையில் பேசி முடித்தாள். எல்லாரும் கை தட்டினார்கள். இவளும் பெருமையாக வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். எவனுக்குப் பேசினோம் என்பது இப்போது லவுட்ஸ்பீக்கர் சொல்லித்தான் தெரிகிறது. வயிற்றெரிச்சல் வேறு எப்படி இருக்கும்?

"அண்ணே…" என்றாள்.

அண்ணன் காலரை விட்டுவிட்டு அவளைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தேவலை. "வேலைதானே. குடுத்தாங்க, பேசுனே. விடு" என்று சொல்லி, நோட்டீஸ் கட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். டீயைத் தொடவே இல்லை.

உம்மு பின்னாலேயே வாசலுக்கு ஓடினாள். அதற்குள் அவன் தெருவில் பாதி தூரம் போய்விட்டான். எதிர்வீட்டம்மா ஈரக்கையோடு வெளியே வந்து நின்றுகொண்டிருந்தாள். முகமெல்லாம் பூரிப்பு.

"ஏய், கேட்டியா? பெரியம்மாவே சொல்லிட்டாங்க!"

"கேட்டேன்க்கா."

"எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. அந்தக் கடைசி 'குடுங்க' இருக்கு பாரு, என் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு."

உம்முவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அக்கா, போன மழைக்கு உங்க அடுப்படி முழுக்கச் சாக்கடை வந்துச்சே. வாளி வாளியா அள்ளி ஊத்துனது யாரு?"

"உங்கண்ணன்தான். தங்கமான பிள்ளை. நான் இல்லைன்னு சொன்னேனா?"

"அந்தச் சாக்கடை ஏன் வந்துச்சு?"

"அதான் அந்த மேடை. உங்கண்ணன் எத்தனை தடவை சொல்லியிருக்கு."

"அந்த மேடையைக் கட்டுனது யாரு?"

"மார்பிள்காரர்."

"அப்புறம்?"

எதிர்வீட்டம்மா கொஞ்சம் யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள், அதையும் சொல்லத்தான் வேண்டும். "எல்லாம் சரிதான்டி. ஆனா பெரியம்மா ஒண்ணு சொன்னா அதுல ஒரு விஷயம் இருக்கும். சும்மா சொல்ல மாட்டாங்க. கதையில பாரு, அந்த மூத்த மருமக திருடின்னு வீடே சொன்னப்போ, அவங்க ஒருத்தர்தானே இல்லைன்னு நின்னாங்க? கடைசியில என்னாச்சு?"

"அக்கா, அது கதை. அவங்க நடிக்கிறாங்க."

"நடிக்கிறவங்களுக்குக் குரல் இப்படித் தழுதழுக்குமா? போடி, உனக்கு ஒண்ணும் தெரியாது."

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரியைப் பார்த்து ஒருத்தி 'உனக்கு ஒண்ணும் தெரியாது' என்கிறாள். எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது, நீங்களே சொல்லுங்கள்.

டீக்கடைக்காரராவது விவரமானவர், அவரிடம் பேசிப் பார்க்கலாம் என்று அங்கே போனாள். அவர் பாலை ஆற்றிக்கொண்டே சிரித்தார். "இதெல்லாம் காசுக்குப் பேசுறதும்மா. நாலு காசைக் குடுத்தா அந்தம்மா எலிமருந்துக்கும் பேசும். எனக்குத் தெரியாதா?"

உம்முவுக்கு உயிர் வந்தது. "அதைத்தாண்ணே நானும் சொல்றேன்."

"ஆனா ஒண்ணு. பெரியம்மாவையே பிடிச்சுட்டு வந்துட்டான்னா, மார்பிள்காரனுக்குக் கை எவ்வளவு நீளம் பாரு! அப்படி ஆள் அம்பு உள்ளவன் வந்தாத்தானே வார்டுக்கு நாலு நல்லது நடக்கும்? உங்கண்ணன் நல்லவன்தான். வெறும் நல்லவனை வெச்சுக்கிட்டு என்ன பண்றது?"

நம்புகிறவளும் நாற்காலி, நம்பாதவனும் நாற்காலி. உம்மு டீ சொல்லாமலேயே திரும்பிவிட்டாள்.

நேராக ஸ்டுடியோவுக்குப் போனாள். அங்கே ஞாயிறு, திங்கள் என்றெல்லாம் கிடையாது. தினமும் தொடர் ஓடியாக வேண்டும், தினமும் வேலை. சவுண்டுக்காரர் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, யாரோ அழுகிறதை முன்னும் பின்னும் ஓட்டிக்கொண்டிருந்தார்.

"சார், போன வாரம் 'இவன் என் பிள்ளை'ன்னு ஒண்ணு பேசுனேனே, அது எதுக்கு?"

அவர் ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். "அதுவா? செமையா வந்திருந்துச்சும்மா. கேட்டவங்க எல்லாம் அசந்து போயிட்டாங்க."

"தேர்தல் விளம்பரம்னு ஏன் சொல்லலை?"

"நீ கேட்டியா?"

இத்தனை வருஷத்தில் ஒரு நாளாவது, இது எதற்கு, யாருக்கு என்று அவள் கேட்டதில்லை. கேட்காததைத்தான் திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

"அந்த மார்பிள்காரரை எதிர்த்து நிக்கிறது என் அண்ணன் சார். கூடப் பிறந்த அண்ணன்."

"ஐயையோ!" அவர் நிஜமாகவே பதறினார். ஒரு நிமிஷம் பதறிவிட்டு, அப்புறம் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "சரி, இப்போ என்ன பண்ணச் சொல்றே?"

"அதை எடுத்துடச் சொல்லுங்க."

"எப்படி எடுக்குறது? எங்க கையை விட்டுப் போயாச்சு. வண்டியில ஓடுது, போன்ல ஓடுது."

"அப்போ அது என் குரல்னு நான் வெளியில சொல்லிடுவேன்."

"தாராளமாச் சொல்லு. யாரு நம்புவா? எங்கயாவது உன் பேரு வந்திருக்கா? உன் போட்டோ வந்திருக்கா?" அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல முடியாது. "இங்கே பாரும்மா. நீ பேசுனது தயாரிப்பாளர் காதுக்குப் போனா நாளைக்கே வேற ஆளைப் போட்டுடுவாங்க. ரெண்டு வாரம் ஜனங்க முணுமுணுப்பாங்க, அப்புறம் பழகிடும். உன் சோத்துல நீயே மண்ணை அள்ளிப் போட்டுக்காதே. உங்கண்ணனுக்கு அடுத்த தேர்தல் வராமலா போயிடும்?"

"அடுத்த மழை அதுக்கு முன்னால வந்துடும் சார்."

அவர் ஹெட்போனை மறுபடியும் மாட்டிக்கொண்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரோ திரும்பவும் அழ ஆரம்பித்தார்கள்.

வீட்டுக்கு வந்தபோது சாயங்காலக் கூட்டத்துக்கு ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. அண்ணி அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"போன காரியம் காயா, பழமா?"

"ஒண்ணும் நடக்கலை அண்ணி."

"அப்போ நான் சொல்றதைக் கேளு. சாயங்காலம் மைக்கைப் பிடிச்சு, 'அந்த வண்டியில பேசுறது பெரியம்மா இல்லை, நான்தான்'னு சொல்லிடு. முடிஞ்சது கதை."

"வேண்டாம்" என்றான் அண்ணன். வாசலில் நின்று தெருவைப் பார்த்தபடியே சொன்னான். "அவ வேலை போயிடும்."

"உங்க தேர்தல் போகுதே, அது பரவாயில்லையா?"

"வேண்டாம்னா வேண்டாம். என் தேர்தலுக்கு அவ சாப்பாட்டைக் காவு குடுக்க முடியாது."

அண்ணி அதற்கு மேல் பேசவில்லை. பாத்திரங்கள்தான் பேசின.

கூட்டம் தெருவின் நடுவில். வாடகை நாற்காலிகள், ஒரு மேஜை, ஒரு மைக். பாதி நாற்காலியில் ஆள் இருந்தது. எதிர்வீட்டம்மா கடைசி வரிசையில் சொந்த ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். அண்ணன் குழாய்த் துண்டு ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு, தண்ணி எங்கே வருகிறது, எங்கே முட்டுகிறது, ஏன் திரும்புகிறது என்று பொறுமையாக விளக்கினான். அவன் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. கேட்டவர்களில் ரெண்டு பேர் கொட்டாவி விட்டார்கள்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்துத் தெருவில் வண்டி வந்தது. 'பெத்தாத்தான் பிள்ளையா?' என்றது. அத்தனை தலையும் ஒரே பக்கம் திரும்பியது. அண்ணன் பேச்சை நிறுத்திவிட்டு, வண்டி போகட்டும் என்று குழாயோடு காத்துக்கொண்டு நின்றான்.

அதைப் பார்த்ததும் உம்முவுக்கு என்ன ஆனதோ தெரியாது. வேலையாவது ஒன்றாவது என்று விறுவிறுவென்று போய் மைக்கைப் பிடித்தாள். அண்ணன் கையை நீட்டித் தடுப்பதற்குள் பேசிவிட்டாள்.

"அந்த வண்டியில பேசுறது பெரியம்மா இல்லைங்க. நான்தான். அந்த நடிகைக்கு நான்தான் குரல் குடுக்குறேன்."

எல்லாரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் யாரோ, "எங்கே, பேசிக் காட்டு பார்ப்போம்!" என்றார்கள்.

உம்மு கண்ணை மூடிக்கொண்டாள். "பெத்தாத்தான் பிள்ளையா? இவன் என் பிள்ளை…" என்று ஆரம்பித்து முழுவதையும் பேசினாள். அதே குரல், அதே இழுப்பு, அதே தழுதழுப்பு.

முடித்துவிட்டுக் கண்ணைத் திறந்தாள். விசில் பறந்தது. கை தட்டினார்கள்.

"அச்சு அசல்! அப்படியே இருக்கு!"

"அந்தக் கோர்ட்டு சீன் பேசும்மா!"

"பெரியம்மா மட்டும்தானா, வில்லி குரலும் வருமா?"

"நான் மிமிக்ரி பண்ணலைங்க! அது என் குரல்!" என்று உம்மு கத்தினாள். அவள் கத்தக் கத்த அவர்கள் இன்னும் சிரித்தார்கள். டீக்கடைக்காரர் பக்கத்தில் இருந்தவரிடம் பெரிய நிபுணர் தோரணையில் சொன்னார். "நல்லாத்தான் பண்ணுது. ஆனா ஒரிஜினல்ல ஒரு கனம் இருக்கும் பாருங்க, அது வரலை."

எதிர்வீட்டம்மா மட்டும் சிரிக்கவில்லை. ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு எழுந்து நேராக அண்ணன் முன்னால் வந்து நின்றாள்.

"உன்னை என்னவோன்னு நினைச்சேன் தம்பி. ஓட்டுக்காகப் பெரியம்மாவையே பொய்க்காரி ஆக்கப் பார்க்குறியே. அதுக்குத் தங்கச்சியை வேற மேடை ஏத்தி விட்டிருக்கே. மனசாட்சி வேண்டாமா?"

"அக்கா, அவ சொன்னது…" என்று அண்ணன் ஆரம்பித்தான்.

"போதும்பா. இன்னிக்கு காலையில வரைக்கும் என் ஓட்டு யாருக்குன்னு எனக்கே குழப்பமா இருந்துச்சு. இப்போ குழப்பம் தீர்ந்துடுச்சு."

அவள் போனதும் ஒவ்வொருவராக எழுந்தார்கள். உம்மு மைக்கைப் பிடித்தபடியே நின்றாள். அதை அவள் கையிலிருந்து வாங்கி, வயரைச் சுருட்டி, வாடகைக்காரரிடம் கொடுத்தது அண்ணிதான்.

வீட்டுக்குள் வந்து மூன்று பேரும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தார்கள். இன்னும் முழுசாக இருட்டவில்லை. விளக்குப் போட யாருக்கும் தோன்றவில்லை.

"திட்டிடுண்ணே" என்றாள் உம்மு. "ரெண்டு வார்த்தை திட்டிடு. நீ இப்படி உட்கார்ந்திருக்குறதைப் பார்க்க முடியலை."

அண்ணன் சட்டைப் பொத்தானைக் கழற்றினான். "காலையிலேர்ந்து உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருக்கேன். கேக்கவா?"

"கேளு."

"'இவன் என் பிள்ளை'ன்னு சொல்றியே. அந்த மார்பிள்காரனுக்காகப் பேசலைன்னு தெரியும். அந்த நடிகை மூஞ்சியைப் பார்த்தும் அப்படி வராது. யாரை நினைச்சுக்கிட்டுப் பேசுனே?"

குரல் கொடுக்கும் அறையில் மைக்கும் கண்ணாடியும் தவிர எதுவும் கிடையாது. அழணும் என்றால் யாரையாவது நினைத்துத்தான் அழணும், பாசம் காட்டணும் என்றால் யாரையாவது நினைத்துத்தான் காட்டணும். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

"உன்னைத்தாண்ணே" என்றாள். "நாலு பேருக்கு ஒண்ணுன்னா முதல்ல ஓடுறவன்னு வந்துச்சு. எனக்கு வேற யாரைத் தெரியும்?"

அண்ணி சட்டென்று எழுந்து சமையலறைக்குள் போனாள். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது.

அண்ணன் சிரிக்கத்தான் பார்த்தான். பாதியிலேயே நின்றுவிட்டது. "அப்போ எனக்கு எதிரா என்னையே நிறுத்தி வெச்சிருக்காங்களா? எதிர்வீட்டக்கா அழுதது எனக்காக. ஓட்டு அவனுக்கு."

உம்மு குலுங்கிக் குலுங்கி அழுதாள். எவ்வளவு அடக்கியும் முடியவில்லை. அவள் போன் அடித்தது. அடித்து ஓய்ந்தது, மறுபடியும் அடித்தது. அண்ணி வந்து எடுத்துப் பார்த்து, "ஏதோ புது நம்பர்" என்று ஸ்பீக்கரைப் போட்டு நீட்டினாள்.

"பெரியம்மாவுக்குக் குரல் குடுக்குறவங்கதானே?" ஒரு அவசரக் குரல். "நான் அம்மாவோட மேனேஜர். நாளைக்கு அம்மா நேர்ல பிரசாரத்துக்கு வர்றாங்க. திறந்த வண்டி. அவங்க வாயைத் திறந்தா கதை கந்தலாயிடும்னு உங்களுக்கே தெரியும். நீங்க உள்ளே டிரைவர் சீட்டுக்குப் பின்னால உட்கார்ந்து மைக்ல பேசணும். அம்மா மேலே நின்னு வாயை அசைச்சுக்குவாங்க."

உம்மு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "பதிவு பண்ணினதையே போட்டுக்கலாமே சார்?"

"அது முடியாதும்மா. ஜனங்க ஏதாவது கேப்பாங்க, பதில் சொல்லணும்ல? நாற்காலிச் சின்னம் மட்டும் மறந்துடாதீங்க, மத்தபடி நீங்களே பார்த்துப் பேசிக்குங்க. மார்பிள் கடைகிட்ட கிளம்புது. வர்றீங்களா, வேற ஆளைப் பார்க்கவா?"

இவள் யாருடைய தங்கை என்று அந்த ஆளுக்குத் தெரியவில்லை. சவுண்டுக்காரர் வாயைத் திறக்கவில்லை போலிருக்கிறது.

"வர்றேன் சார்" என்றாள் உம்மு.

போனை வைத்ததும் அண்ணிக்கு முகமே மாறிவிட்டது. "அடி என் ராசாத்தி! மேலே பெரியம்மா மூஞ்சி, உள்ளே மைக் உன் கையில! 'வாளிக்குப் போடுங்க'ன்னு ஒரே ஒரு தடவை சொன்னாப் போதும். அப்புறம் எவன் வந்து என்ன சொன்னாலும் எடுபடாது."

"கூடாது" என்றான் அண்ணன்.

"ஏன் கூடாது?"

"நான் சொன்னதைக் கேட்டு ஓட்டுப் போட்டாப் போடட்டும். பெரியம்மா சொல்லி எனக்கு ஓட்டு வந்தா, எனக்கும் மார்பிள்காரனுக்கும் என்னடி வித்தியாசம்?"

"என்ன வித்தியாசமா? அவன் ஜெயிப்பான், நீங்க தோப்பீங்க. அதான் வித்தியாசம்! நியாயம் பேசியே சாகுங்க. மழைக்குச் சாக்கடையில நின்னுக்கிட்டு அப்பவும் பேசுங்க."

"உம்மு, நீ போகக் கூடாது. போனைப் போட்டு வரலைன்னு சொல்லு."

உம்மு எழுந்து விளக்கைப் போட்டாள். அழுது வீங்கிய முகம்தான், ஆனால் குரலில் ஒரு நடுக்கம் கிடையாது.

"இன்னிக்கு என் வாயால நிஜத்தைச் சொன்னேன், சிரிச்சாங்க. அந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுப் பொய் சொன்னா அழுறாங்க. இத்தனை வருஷமா எவன் எவனுக்கோ பேசியிருக்கேண்ணே. நாளைக்கு நான் போவேன்."

"போய் என்ன பேசப் போறே?"

"தெரியலை. வண்டியில ஏறுனப்புறம்தான் தெரியும்."

அண்ணன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். நாமினேஷன் போட்ட நாளிலிருந்து மார்பிள்காரர் எத்தனை ஆள் வைத்து மிரட்டியும் அவன் அசைந்தது கிடையாது. இப்போது தங்கையைப் பார்த்து முதல் தடவையாகப் பயந்தான்.